ஒரு கேள்வி, பல மேடைகள்: நரம்பறிவியல் மாநாட்டில் கருத்தரங்குக்கு எந்த வடிவத்தைக் கோருவது?

நரம்பறிவியல் மாநாடு ஒன்றில் கருத்தரங்கு நடத்த விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பேச்சாளர் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். யாரை அழைக்கலாம், யார் வந்தால் அரங்கு நிறையும், யாருக்கு நம்மைத் தெரியும் என்று பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அப்பெயர்களுக்குப் பொருந்துகிற தலைப்பைத் தேடுகிறார்கள். எந்த மாநாடு, எந்த வகை அமர்வு என்பதைப் படிவத்தைத் திறக்கும் நாளில்தான் முடிவு செய்கிறார்கள். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. முதலில் கேள்வி, அடுத்து, அக்கேள்வி எவ்வளவு நேரத்தையும் எத்தகைய அவையையும் வேண்டுகிறது என்று பார்த்து அமர்வின் வடிவம், பெயர்கள் மூன்றாவதாக வந்தால் போதும்.

வடிவங்களை வெறுமனே வரிசைப்படுத்திக் காட்டினால் வேறுபாடு விளங்காது என்பதால், ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேடையிலும் அது என்னவாகிறது என்று பார்க்கலாம். கேள்வி இது: உறக்கத்தின்போது மூளை தன் கழிவுகளை விரைவாக வெளியேற்றுகிறதா?

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டில் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் ஆய்வுக்குழு, மூளைத் தண்டுவடத் திரவம் தமனிகளை ஒட்டி மூளைக்குள் புகுந்து, திசுவினூடே சென்று, சிரைகளை ஒட்டிக் கழிவோடு வெளியேறுகிறது என்ற கருத்தை முன்வைத்து அதற்குக் கிளிம்ஃபாடிக் அமைப்பு என்று பெயரிட்டது. நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் உயிரணுக்களில் உள்ள அக்வாபோரின்-4 என்னும் நீர்வழிப் புரதம் இதற்கு இன்றியமையாதது என்றும் சொன்னது. 2013இல் அதே குழு, உறங்கும் எலிகளிலும் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட எலிகளிலும் உயிரணுக்களுக்கு இடையிலான வெளி ஏறத்தாழ 60 சதவீதம் விரிகிறது, அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு-பீட்டா என்னும் கழிவு விரைவாக அகற்றப்படுகிறது என்று அறிவித்தது. 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் வேறொரு முறையில் அளந்து, எலிகளின் மூளையில் செலுத்திய நிறமி வெளியேறுவது விழித்திருக்கும் நிலையைவிட உறக்கத்தில் ஏறத்தாழ 30 சதவீதமும் மயக்கத்தில் 50 சதவீதமும் குறைவு என்றார்கள். ஒரே கேள்விக்கு நேரெதிரான இரண்டு விடைகள். அளவிடும் முறை, நிறமி செலுத்தும் இடம், ஊசியால் திசுவுக்கு நேரும் சேதம், அளவை எடுத்துக்கொள்ளும் காலம் ஆகிய ஒவ்வொன்றிலும் இரு தரப்புக்கும் வாதம் இருக்கிறது. கருத்தரங்குக்கு இதைவிடத் தகுந்த பொருள் கிடைப்பது அரிது. தவறான வடிவத்தில் வைத்தால் இதைவிட எளிதில் வீணாகிற பொருளும் அரிது.

முதல் தெரிவு, பெரிய ஆண்டு மாநாட்டின் முழுக் கருத்தரங்கு. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட சொசைட்டி ஃபார் நியூரோசயின்ஸ் 1969இல் தொடங்கப்பட்டது; 1971இல் வாஷிங்டனில் கூடிய அதன் முதல் மாநாட்டுக்கு ஏறத்தாழ 1,400 பேர் வந்தனர். இப்போது அது இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடும் ஐந்து நாள் நிகழ்வு. அங்கே சிம்போசியம் எனப்படும் முழுக் கருத்தரங்கு நெடுங்காலமாக இரண்டரை மணி நேரம், நான்கு பேச்சாளர்கள் என்ற அமைப்பில் நடந்து வந்திருக்கிறது. முன்னுரை, கேள்வி நேரம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு முப்பத்தேழு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். அந்த நேரத்தில் ஓர் ஆய்வகத்தின் பத்தாண்டு உழைப்பைத் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

நம் கேள்வியை அந்த மேடையில் ஏற்றினால் என்ன ஆகும்? நான்கு இடங்களில் ஒன்று 2013 முடிவை நிறுவிய தரப்புக்கு, ஒன்று 2024 முடிவின் தரப்புக்கு, ஒன்று மனித மூளையைப் படமெடுத்து ஆராய்வோருக்கு, ஒன்று திரவ இயக்கவியல் தெரிந்தவருக்கு என்று போய்விடும். பட்டியல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பத்தேழு நிமிடம் கிடைத்த மூத்த ஆய்வாளர் தன் முழு வரலாற்றையும் சொல்லத் தலைப்படுவார் என்பதும், எதிர்த்தரப்பின் அளவீட்டைப் பற்றி அவர் கடைசி இரண்டு படவில்லைகளில்தான் பேசுவார் என்பதும் மாநாடுகளுக்குப் போய் வந்த எவருக்கும் தெரியும். முழுக் கருத்தரங்கு முதிர்ந்த துறைகளுக்கு ஏற்றது. பழ ஈயின் முழு மூளையில் 1,39,255 நரம்பணுக்களின் இணைப்புகள் 2024இல் வரைபடமாக வெளிவந்தனவே, அப்படி ஒரு பெரிய கூட்டு முயற்சியின் விளைவுகளைப் பல கோணங்களிலிருந்து விரித்துக் காட்டுவதற்கு இந்த வடிவத்துக்கு இணையில்லை. அங்கே சண்டை குறைவு, சொல்ல வேண்டியது அதிகம். தீராத வழக்குக்கு அவ்வளவு நீளமான பேச்சுகள் பொருந்துவதில்லை.

இரண்டாவது, அதே மாநாட்டின் மினிசிம்போசியம். நேரம் அதேதான், பேச்சாளர்கள் ஆறு பேர். தம் ஆய்வு வாழ்வின் தொடக்கக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இடம் தருவதே இதன் நோக்கம். தலைக்கு இருபத்தைந்து நிமிடம் என்று கணக்கிட்டால் முழுக் கருத்தரங்கைவிடக் குறைவுதான் என்றாலும், நம் கேள்விக்கு இந்தக் குறைவே நன்மையாகிறது. ஆறு இடங்கள் இருப்பதால் ஆய்வகங்களின் பெயரில் பங்கிடாமல் முறைகளின் பெயரில் பங்கிடலாம்: மூளையின் அடியில் தண்டுவடத் திரவம் தேங்கும் பெருந்தொட்டியில் நிறமி செலுத்தி இரு-ஃபோட்டான் நுண்ணோக்கியால் பார்க்கிறவர் ஒருவர், திசுவுக்குள் நேரடியாக நிறமி செலுத்தி அதன் பரவலை அளக்கிறவர் ஒருவர், அக்வாபோரின்-4 இல்லாத எலிகளோடு வேலை செய்கிறவர் ஒருவர், பரவலையும் ஓட்டத்தையும் கணிதத்தால் பிரித்தறிகிறவர் ஒருவர், உறக்க உடலியங்கியலில் நோரெபிநெப்ரின் என்னும் நரம்புக் கடத்தியின் ஏற்ற இறக்கங்களையும் இரத்த நாளத் துடிப்பையும் ஆராய்கிறவர் ஒருவர், மனிதர்களில் மெதுவலை எனப்படும் ஆழ்ந்த உறக்கத்தோடு தண்டுவடத் திரவம் அலைபோல் ஏறி இறங்குவதைப் படமெடுக்கிறவர் ஒருவர். கடைசியாகச் சொன்னதற்கு 2019இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆய்வு நல்ல அடித்தளம் போட்டிருக்கிறது.

அளவீட்டை நேரில் செய்கிற முதுமுனைவர் ஆய்வாளர்களே பேசுவதால், ஊசி எந்த ஆழத்தில் இறங்கியது, எலி உண்மையிலேயே உறங்கியதா, தலை பிணைக்கப்பட்ட நிலையில் வந்த உறக்கத்தை உறக்கம் என்று சொல்லலாமா போன்ற கேள்விகளுக்கு மேடையிலேயே விடை கிடைக்கும். மூத்தவர்களுக்கு இவை மறந்துபோன விவரங்கள். இளையவர்களுக்கு நேற்றைய வேலை. இளம் பேச்சாளர் ஒருவர் தன் தலைவரின் பழைய முடிவிலிருந்து அரை அடி விலகிப் பேசுவதும் இத்தகைய அமர்வுகளில் நடக்கிறது. அந்த அரை அடிக்காகத்தான் நான் ஆறு பேர் வடிவத்தின் பக்கம் சாய்கிறேன்.

இதற்கு இன்னொரு பயனும் உண்டு. சிம்போசியம், மினிசிம்போசியம் இரண்டையும் நடத்துகிறவர்களுக்கு அச்சங்கத்தின் ஜர்னல் ஆஃப் நியூரோசயின்ஸ் இதழில், மாநாட்டை ஒட்டி, சுருக்கமான திறனாய்வுக் கட்டுரை எழுத வாய்ப்புக் கிடைத்து வந்திருக்கிறது. முரண்படும் தரப்புகள் ஒரே கட்டுரைக்குக் கையெழுத்திட வேண்டும் என்றால், எங்கே உடன்படுகிறோம், எங்கே பிரிகிறோம், பிரிவைத் தீர்க்க எந்தப் பரிசோதனை வேண்டும் என்று வரிவரியாகப் பேசியாக வேண்டும். பல சமயங்களில் கருத்தரங்கை விட இந்தப் பேச்சே அதிகம் சாதிக்கிறது. ஆனால் இதற்கான உழைப்பு முன்மொழிகிறவர் தலையில்தான் விழும் என்பதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாநாட்டுக்கு முந்தைய மாதங்களில் ஆறு பேரிடமிருந்து பத்திகளை வாங்கித் தொகுப்பது சிறிய வேலையன்று.

மூன்றாவதான நானோசிம்போசியத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. உறுப்பினர்கள் அனுப்பும் ஆய்வுச்சுருக்கங்களைப் பொருள்வாரியாகத் தொகுத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக அமைக்கும் அமர்வு அது. அழைத்து வரும் சுமை இல்லை. அமர்வின் வடிவத்தின் மேல் நமக்குப் பிடியும் இல்லை. எதிர்த்தரப்பு சுருக்கம் அனுப்பாவிட்டால் விவாதமே இல்லை. நம் கேள்விக்கு இது உதவாது; சொந்த ஆய்வகத்தின் புதிய முடிவை மேடையேற்ற நினைப்பவருக்கு உதவும்.

நான்காவது தெரிவு ஐரோப்பிய நரம்பறிவியல் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தும் ஃபென்ஸ் ஃபோரம். 1998இல் பெர்லினில் தொடங்கி, இரட்டைப்படை ஆண்டுகளில், ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. இங்கே கருத்தரங்கு பொதுவாக 90 நிமிடம், நான்கு பேச்சாளர். ஒருவருக்கு இருபத்திரண்டு நிமிடம். முதல் பார்வைக்கு இது அமெரிக்க மாநாட்டின் சுருங்கிய வடிவம் போலத் தோன்றும். ஆனால் 90 நிமிட அமர்வில் இருந்த இடத்தைவிட்டு எழுந்து போகிறவர்கள் குறைவு, இரண்டரை மணி நேரத்தில் கடைசிப் பேச்சாளர் பாதி அரங்குக்குப் பேச நேர்வதுண்டு. அதோடு, உறக்கத்தில் கழிவகற்றல் போன்று இரு கண்டங்களின் ஆய்வகங்கள் எதிரெதிரே நிற்கும் வழக்கில், அமெரிக்காவுக்கு வெளியேயும் ஒரு மேடை கிடைப்பது சிறிய விஷயமன்று. குறை என்னவென்றால், முன்மொழிவு மாநாட்டுக்கு ஓராண்டுக்கும் மேலாக முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். 2024இல் வந்தது போன்ற ஒரு கட்டுரை நடுவில் வெளிவந்துவிட்டால், ஏற்கப்பட்ட அமர்வின் நான்கு இடங்களும் பழைய கேள்விக்கே கட்டுண்டு கிடக்கும். வேகமாக நகரும் பொருளுக்கு இந்த இடைவெளி ஆபத்தானது. சர்வதேச மூளை ஆராய்ச்சி நிறுவனமான ஐப்ரோவின் உலக மாநாட்டுக்கு, 1982இல் லோசானில் தொடங்கி நான்காண்டுக்கு ஒருமுறை அளவில் நடந்து, 2023இல் கிரனாடாவில் கூடிய அதற்கு, இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது: பெரிய மாநாடுகளுக்கு வர முடியாத நாடுகளின் ஆய்வாளர்களை ஒரே அமர்வில் கூட்ட விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

ஐந்தாவது, ஒரு முழு நாள் பயிலரங்கு. கணிப்பு மற்றும் அமைப்புசார் நரம்பறிவியலுக்கான காசைன் மாநாடு 2004 முதல் நடக்கிறது. எல்லோரும் ஒரே அரங்கில் அமரும் முதன்மை மாநாடு முடிந்ததும், இரண்டு நாட்கள் வேறோர் இடத்துக்கு நகர்ந்து பயிலரங்குகளை நடத்துவது அதன் மரபு. காலையும் மாலையும் அமர்வு, நடுவே நீண்ட ஓய்வு. பேச்சாளர் எண்ணிக்கையை அமைப்பாளரே தீர்மானித்துக்கொள்ளலாம். முரண்பட்ட இரு தரப்பையும் ஒருவர் அளவீட்டை மற்றவர் கேள்வி கேட்கும்படி அமர்த்தி, மூன்று மணி நேரம் கழித்து மீண்டும் கூட்டிப் பேச வைப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் அவையில் இருப்பவர்கள் கணிப்பு மாதிரிகளில் பழகியவர்கள்; திரவ ஓட்டத்தின் கணிதம் அவர்களைக் கவரும், ஆஸ்ட்ரோசைட்டின் கால்முனையில் அக்வாபோரின் எப்படி அமைந்திருக்கிறது என்பது கவராது. கேள்வியை ‘பரவலையும் ஓட்டத்தையும் எப்படிப் பிரித்தறிவது?’ என்று திருப்பி எழுதினால் மட்டுமே அங்கே இடம் கிடைக்கும். அப்படித் திருப்பினால் உறக்கம் பின்னுக்குப் போய்விடும் என்ற இழப்பையும் ஏற்க வேண்டும். மாநாட்டின் முன்னோ பின்னோ சொந்தச் செலவில் தனி அரங்கு பிடித்து நடத்தும் துணைக் கூட்டம் இதற்கு மாற்று. அதில் மதிப்பீட்டுக் குழுவின் தடை இல்லை, ஆனால் இடத்துக்கும் உணவுக்கும் பணம் திரட்டுவது அமைப்பாளரின் பொறுப்பு, அவை தானாக வந்து சேராது.

மேடை எதுவானாலும், முன்மொழிவைப் படிக்கும் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது தலைப்பை. ‘உறக்கமும் மூளைத் திரவங்களும்: புதிய பார்வைகள்’ என்று எழுதினால் அது ஒரு பாடநூல் அத்தியாயத்தின் பெயர். ‘உறக்கம் மூளையின் கழிவகற்றலை விரைவுபடுத்துகிறதா, தாமதப்படுத்துகிறதா?’ என்று எழுதினால், இந்த அமர்வு ஏன் இந்த ஆண்டு நடக்க வேண்டும் என்பதற்குத் தலைப்பே விடை சொல்லிவிடுகிறது. பெரிய மாநாட்டில் பொருளை எந்தப் பிரிவின் கீழ் பதிவு செய்வது என்பதும் நினைப்பதைவிட முக்கியமானது. சொசைட்டி ஃபார் நியூரோசயின்ஸ் ஆய்வுகளை ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் பத்துப் பிரிவுகளாகப் பகுக்கிறது. ஆஸ்ட்ரோசைட் போன்ற கிளியா உயிரணுக்கள் ஒன்றில், நரம்புச் சிதைவு நோய்கள் மற்றொன்றில், உறக்கம் வேறொன்றில். நம் கேள்வி மூன்றிலும் கால் வைக்கிறது. நோய்ப் பிரிவில் பதிந்தால் அல்சைமர் குறித்த எண்ணற்ற முன்மொழிவுகளோடு போட்டியிட நேரும். உறக்கப் பிரிவில் பதிந்தால் கூட்டம் சிறியது, ஆனால் கேள்வியின் மையம் அங்கேதான் இருக்கிறது. நான் உறக்கத்தின் பக்கமே வாக்களிப்பேன்.

இனிப் பேச்சாளர்கள். இங்கே தவறு நடக்கும் இடங்கள் எல்லா வடிவங்களுக்கும் பொதுவானவை, ஆனால் அவற்றின் எடை வேறுபடுகிறது. நான்கு பேர் அமர்வில் இருவர் ஒரே ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவர்களாக இருந்தால் பாதி மேடை ஒரே குரலாகிவிடும். ஆறு பேரில் அது மூன்றில் ஒரு பங்கு. பெண் ஆய்வாளர் எவரும் இல்லாத பட்டியல், அல்லது ஒரே நாட்டவர் மட்டும் உள்ள பட்டியல், எந்தப் பெரிய மாநாட்டின் குழுவிலும் இப்போது உடனே கண்ணில் படும். பயஸ்வாட்ச்நியூரோ என்னும் முயற்சி 2015 முதல் மாநாடுகளின் பேச்சாளர் பட்டியல்களை எடுத்து, அந்தந்தத் துறையில் பெண்களின் அடிப்படை விகிதத்தோடு ஒப்பிட்டு வெளியிட்டு வருகிறது. அமைப்புசார் நரம்பறிவியலில் பெண் ஆய்வாளர்களின் பெயர்களை ஆன்ஸ் லிஸ்ட் தொகுத்து வைத்திருக்கிறது. ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்பதை இனி யாரும் நம்ப மாட்டார்கள். சமநிலை என்பது எண்ணிக்கைக்காக ஒரு பெயரைக் கடைசியில் ஒட்டுவது என்று நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லலாம்: கேள்வியின் பேரில் முறைகளைப் பங்கிட்டால் பட்டியல் பெரும்பாலும் தானாகவே விரிகிறது, ஏனெனில் ஒவ்வொரு முறையிலும் வேலை செய்கிறவர்கள் வெவ்வேறு ஆட்கள்.

எதிர்த்தரப்பை அழைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்மொழிவை எழுதி முடித்தபின் அவர்களை அழைத்தால், தங்களை மறுப்பதற்காகவே கூட்டப்பட்ட மேடை என்று அவர்களுக்குத் தோன்றும், தோன்றுவது நியாயமும்கூட. நோக்க அறிக்கையின் முதல் வரைவை இரு தரப்புக்கும் அனுப்பி, கேள்வி நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டபின் தலைப்பை முடிவு செய்வது நல்லது. மாநாட்டுக் குழு ஏற்கும்வரை அழைப்பு நிபந்தனைக்குட்பட்டது என்பதையும், பயணச் செலவை மாநாடு ஏற்கிறதா என்பதையும் முதல் மடலிலேயே சொல்ல வேண்டும். ஒரே ஆண்டில் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகளில் பேசக் கூடாது என்ற விதி பல மாநாடுகளில் இருப்பதால், அவர் வேறெங்கும் ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக, முடிவு கேள்வியின் நிலையைப் பொறுத்தது. துறையின் மூத்தவர்கள் ஏற்கெனவே உடன்பட்டு, புதிதாக வருவோருக்கு முழுப் படத்தையும் காட்ட வேண்டியிருந்தால் நான்கு பேர் கொண்ட முழுக் கருத்தரங்கு. முடிவுகள் முரண்பட்டு, முரண் அளவிடும் முறையில் இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் ஆறு பேர் கொண்ட மினிசிம்போசியம். ஈராண்டு காத்திருக்கப் பொருள் தாங்கும், கூறுபாடுகள் நான்குக்குள் அடங்கும் என்றால் ஃபென்ஸ். முரண்பாட்டைத் தீர்ப்பதற்கான பரிசோதனையையே அங்கே அமர்ந்து வடிவமைக்க வேண்டுமென்றால் பயிலரங்கு. அவையின் அளவை அதற்காக விட்டுக்கொடுக்கலாம். உறக்கமும் கழிவகற்றலும் குறித்த நம் கேள்விக்கு இன்றைய நிலையில் மினிசிம்போசியத்தையே முதலில் கோருவேன், ஆறு பேச்சுகளையும் இருபது நிமிடத்தில் நிறுத்தி, மீதமுள்ள அரை மணி நேரத்தை அமர்வின் நடுவில், மூன்றாவது பேச்சுக்குப் பின்னும், கடைசியிலும் விவாதத்துக்கு ஒதுக்குவேன்.

ஏற்கப்படாவிட்டால் வேலை வீணாகிவிடாது. நோக்க அறிக்கையின் முதல் பத்தியும், முறைவாரியான பங்கீடும், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கேள்வி வாசகமும் அப்படியே அடுத்த மாநாட்டின் படிவத்துக்குப் போகும். ஃபென்ஸுக்கு அனுப்பினால் மனிதப் படமெடுப்பையும் நாளத் துடிப்பையும் ஒரே பேச்சாளரிடம் ஒப்படைத்து, அக்வாபோரின் ஆய்வை நிறமி ஆய்வோடு இணைத்து, ஆறை நான்காக்க வேண்டும். அந்த இணைப்பை யாரால் செய்ய முடியும் என்பதை, முதல் முன்மொழிவை அனுப்பும்போதே ஆறு பேரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.